ஆறு வாட் சங்கீதம்

பாட்டுகளையெல்லாம் சேர்த்து வைத்து, நாள் முழுக்க ஓடும் சின்ன கம்ப்யூட்டர் சர்வர் ஒன்றை வீட்டில் போட நினைத்தேன். கரண்ட் அதிகம் இழுக்காத பெட்டி எது என்று கேட்க, லேக் கார்டன்ஸில் இருந்த ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசரிடம் போனேன். இஸ்திரி மடிப்புக் கலையாத ஜிப்பா, வழவழவென்று சவரம் செய்த முகம், கையில் ஒரு வாட் மீட்டர். "வாங்கோ" என்று சொல்வதற்கு முன்பே என் போன் சார்ஜரை வாங்கி அதில் சொருகிப் பார்த்தார்.

"என்னுது ஆறே வாட். உள்ளே ஃபேன் கிடையாது, சத்தமே வராது" என்று மேஜைமேல் இருந்த பெட்டியைக் காட்டினார். அதன் பிளக்கிலும் ஒரு மீட்டர். சத்தம் கூடாதென்று சீலிங் ஃபேனையும் அணைத்திருந்தார். கல்கத்தாவின் ஜூன் மாதப் புழுக்கத்தில் பெட்டியில் ஓடிய வீணை துல்லியமாகக் கேட்டது.

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் மனைவி ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். தனக்குத்தான் என்று நினைத்தேன். காற்று பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"சூடானா நின்னுடறது. அதான்" என்றார் ஆபீசர்.

"சின்னதா ஒரு ஃபேன் மாட்டிடலாமே, சார்?"

"அது ரெண்டு வாட் சாப்பிடுமே! இவ விசிறினா மீட்டர்ல ஒண்ணும் ஏறலை, பாருங்கோ."

அவர் முகத்தில் கணக்கு சரியாக வந்த திருப்தி மட்டுமே இருந்தது. மாமி விசிறியைக் கை மாற்றிக்கொண்டார். என் சார்ஜரை உருவிக்கொண்டு கிளம்பினேன்.

நான் வாங்கிய பெட்டியில் ஃபேன் இருக்கிறது. பாட்டுக்கு நடுவே இரைகிறது. இரையட்டும்.