இடது ஓரத்து மங்கல்

தெருவில் அவரை எல்லோரும் 'வாஷர்' என்றுதான் கூப்பிட்டார்கள். குழாய் வேலை செய்பவர். எந்த வீட்டில் எது ஒழுகினாலும் குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, ஒரு வாஷர் போட்டா சரியாயிடும்" என்பார். பாதி நேரம் சரியாகியும் விடும். வயது ஐம்பத்திரண்டு. முழங்காலில் வலி. சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஃப்லான் டேப் சுருள் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தன் வீட்டுக் குளியலறையை இருட்டறையாக்கிக்கொள்வார் என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. ஜன்னலுக்குக் கறுப்பு ரெக்சின், கதவிடுக்கில் பழைய போர்வை. வாஷிங் மெஷின் மேல் என்லார்ஜர் ஏறி உட்கார்ந்திருக்கும். தரையில் மூன்று தட்டுகளில் மருந்துத் தண்ணீர். தானே எடுத்த ஃபிலிமை அந்த என்லார்ஜரில் மாட்டி, லென்ஸ் வழியாகக் கீழேயுள்ள காகிதத்தில் பெரிதாக விழவைத்து, கறுப்பு வெள்ளைப் படம் போடுவார். இருபது வருடப் பழக்கம்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிறு காலை டூட்டி முடிந்து வந்தால் குளிக்க இடம் கிடைக்காது.

"ஊருக்கெல்லாம் பாத்ரூம் பாத்துக் குடுக்கிறாரு. சொந்தப் பொண்டாட்டி குளிக்க அப்பாயின்ட்மென்ட் வாங்கணும்" என்பாள்.

நான்கு வருடங்களுக்கு முன், அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளன்று, குடும்பத்தோடு ஒரு குரூப் போட்டோ எடுத்தார். நடுவில் நாற்காலியில் அப்பா. இடது கோடியில் அக்கா. அக்கா ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. படத்தைப் பெரிதாகப் போட்டு, ஆளுக்கொன்று அனுப்பினார். எல்லோரும் தெளிவாக இருந்தார்கள். அக்கா மட்டும் ஈரத்துணி வழியாகப் பார்த்ததுபோல் மங்கலாக இருந்தாள்.

படம் கிடைத்த அன்றே அக்காவிடமிருந்து போன் வந்தது.

"எல்லாரும் பளிச்சுனு இருக்கீங்க. என்னை மட்டும் ஆவி மாதிரி ஆக்கி வச்சிருக்கே. ஓரத்துல நிக்க வச்சது போதாதா?"

ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டிருந்தால் போயிருக்கும். அவர், "நீ ஆடியிருப்பேக்கா" என்றார்.

"நானா ஆடினேன்? முப்பது வருஷமா ஆயிரம் பிள்ளைங்கள ஆடாம நிக்க வைக்கிறவ நான்!"

போன் வைக்கப்பட்டது. அடுத்த வருடம் அப்பா இறந்தபோது இருவரும் ஒரே வீட்டில் மூன்று நாள் இருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியதை அவருடைய மனைவி இங்கும் அங்கும் எடுத்துப் போய்ச் சொன்னாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, ஒரு நெகடிவை இரண்டாம் தடவை போடும்போது கவனக்குறைவாக அவர் அதைப் புரட்டிப் போட்டுவிட்டார். அது ஒரு கட்டட வேலையில் கூட இருந்தவர்களின் படம். இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறி விழுந்தது. ஆனால் மங்கல் மட்டும் மாறவில்லை. அது காகிதத்தின் இடது ஓரத்திலேயே நின்றது. முதலில் தெளிவாக இருந்த கொத்தனார் இப்போது மங்கலாகவும், மங்கலாக இருந்தவர் மீசையின் ஒவ்வொரு முடியும் தெரியும்படியும் இருந்தார்கள்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கோளாறு நெகடிவில் இல்லை, லென்ஸில். ஐந்து வருடங்களுக்கு முன் வீடு மாற்றியபோது அது ஒரு தடவை கீழே விழுந்தது. உடையவில்லை என்று துடைத்து மாட்டியிருந்தார். உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்க வேண்டும். எப்போதும் ஆட்களை நடுவில் வைத்தே எடுப்பவர் என்பதால் கண்ணில் படவில்லை.

அப்படியானால் அக்கா ஆடவில்லை.

கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் பழைய கேமரா சாமான்களும் வைத்திருந்தார். ஒரு குழந்தையின் காலுறைக்குள்ளிருந்து என்லார்ஜர் லென்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"கண்ணாடி சுத்தமா இருக்கு சார். பின்னாடி இறுக்கிற ரிங்தான் இல்ல. அதை நீங்கதான் பாத்துக்கணும்."

ரிங் இல்லாமல் லென்ஸ் நிற்காது. என்லார்ஜரின் அடியில் ஓட்டை போட்ட தகடு ஒன்று உண்டு. லென்ஸின் மரை போட்ட கழுத்து அந்த ஓட்டை வழியாக மேலே வரும், மேலிருந்து ரிங் போட்டு இறுக்க வேண்டும். மரை என்றால் தனக்குத் தெரியாததா என்று வீட்டில் இருந்த பித்தளை நட்டுகளை எல்லாம் கொட்டிப் பார்த்தார். ஒரு இஞ்சு சின்னதாக இருந்தது. ஒன்றேகால் இஞ்சு பெரிதாக இருந்தது. நடுவில் எதுவும் இல்லை. கடைசியில் லேத் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் லென்ஸின் மரையைக் கேஜ் வைத்து அளந்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவ்வளவு பொடி மரையா? எந்தக் குழாய்க்குண்ணே இது?"

"வெளிச்சம் போற குழாய்க்கு."

பட்டறைக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பழைய பித்தளை வால்வு ஒன்றைக் கடைந்து ரிங் செய்து கொடுத்தார்.

ஞாயிறன்று மாட்டினார். பொடி மரையைக் கோணலாக ஏற்றினால் கெட்டுவிடும் என்பதால் முதலில் இடப்பக்கமாக, கழற்றுவதுபோல் மெதுவாகச் சுற்றினார். 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரிந்தது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினார். வெண்ணெய்போல் ஏறியது. இறுக்கி, விளக்கைப் போட்டுப் பார்த்தார். இடது ஓரம் தெளிவாக இருந்தது. வலது ஓரம் மங்கியது.

கழற்றி மாட்டினார். இன்னும் இறுக்கினார். மங்கல் கூடியது. மதியம் மனைவி டூட்டியிலிருந்து வந்து, துண்டோடு வாசலில் நின்றாள். கதவைத் திறந்து, லென்ஸும் தகடுமாகக் கையில் கொடுத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நடுவுல கறுப்பா என்ன இது?"

"ரப்பர் வாஷர்."

"எதுக்கு?"

"கிரிப்புக்கு."

"அங்க என்ன தண்ணியா ஒழுகப் போகுது?"

அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரப்பர் ஒரு பக்கம் அதிகமாக நசுங்கி லென்ஸைச் சாய்த்திருந்தது. அதை உருவி எறிந்தார். உலோகத்தோடு உலோகம் படிந்து உட்கார்ந்தது. நான்கு மூலையும் ஊசிமுனைபோல் விழுந்தன. "இப்பவாவது நான் குளிக்கலாமா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு அப்பாவின் பிறந்தநாள் நெகடிவை எடுத்தார். அக்கா தெளிவாக விழுந்தாள். காதுத் தோடு, புடவைக் கரை, எல்லாம் தெரிந்தது. கண்கள் மட்டும் இறுக மூடியிருந்தன.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்தா இன்னும் நாலு வருஷம் பேச மாட்டாங்க. அதுக்கு அந்தப் பழைய மங்கலே தேவலை" என்றாள் மனைவி.

அவர் ஃபிலிமை விளக்கில் பிடித்துப் பார்த்தார். அதற்கு முந்திய நெகடிவும் அதே குரூப்தான். டைமர் வைத்துவிட்டு ஓடியபோது முழங்கால் நாற்காலியில் இடித்தது. அவர் போய்ச் சேர்வதற்குள் கேமரா முந்திக்கொண்டது. தன் முதுகு மட்டும் விழுந்த படம் என்று அதை ஒதுக்கிவிட்டு இரண்டாவது எடுத்திருந்தார். இப்போது அந்த முதல் படத்தைப் போட்டார். தட்டில் உருவங்கள் மெல்ல ஏறி வந்தன. நொண்டிக்கொண்டு ஓடும் தம்பியைப் பார்த்து அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா கையை நீட்டிக் காட்டிச் சிரித்தார்.

படம் காய்ந்ததும் எடுத்துக்கொண்டு போனார். அக்காவின் கணவர் கதவைத் திறந்தார்.

"வாங்க மாப்ளே. இருக்கா. மூடு எப்படின்னு எனக்குத் தெரியாது" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அக்கா சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் உறையை வைத்தார்.

"ஆடினது நீ இல்லக்கா. என் லென்ஸு."

அவள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அப்பா சிரிக்கிறாருடா."

"ஆமா."

"நீ எங்கே?"

"அதோ, முதுகு."

சிரிப்பதுபோல் ஆரம்பித்து, அது வேறு மாதிரி ஆகி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நானும் ஒரு போன் பண்ணியிருக்கலாம்" என்றாள். பிறகு தலைமையாசிரியை குரல் திரும்பியது. "அந்தப் பழைய படத்தையும் புது லென்ஸுல போட்டியா?"

"போட்டேன்."

"அதுல நான் எப்படி இருக்கேன்?"

"கண்ணை மூடிட்டு இருக்கே."

"கிழிச்சுப் போடு" என்றாள்.

கிழித்துவிட்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறார். இப்போது அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாள். பெரும்பாலும் அவர் உள்ளே இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வரும்.

"கதவைத் திறந்தா வெளிச்சம் பட்டு பேப்பர் வீணாயிடுமாம் அண்ணி" என்கிறாள் மனைவி.

"திறக்க வேண்டாம். போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கதவுகிட்ட வை. நான் பேசறேன், அவன் கேக்கட்டும்."