விண்ணப்பத்தில் விட்ட வரி

எந்தக் கூட்டத்திலும் நான் கிளாரினெட் வாசித்துவிடுவேன். ஞாயிறு காலை புதுப்பட்டினம் சர்ச்சில் கீர்த்தனை, அன்று மாலையே சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் சாமி ஊர்வலம், மறுநாள் மாமல்லபுரத்தில் கல்யாணம், சினிமாப் பாட்டு. “எதுலயும் உருப்படியா நிக்க மாட்டான்” என்று என்னைச் சொன்னவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

நாவலூர் பக்கம் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கிளாரினெட் வாத்தியார் தேவை என்றார்கள். மாதச் சம்பள வேலை. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் வாய்க்காதது. விண்ணப்பத்தில் ‘அனுபவம்’ என்ற இடத்தில் சர்ச், கோயில், கல்யாணம் என்று எழுதினேன். அடுத்த வரிக்குப் போகுமுன் என் மனைவி பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

“சாவுக்கு வாசிச்சத இன்னாத்துக்கு எழுதிக்கினு கீற? படிச்சவங்க மூஞ்ச சுளிப்பாங்க. வுட்டுடு.”

விட்டுவிட்டேன். பஸ்ஸில் போகும்போது என்மேலேயே எரிச்சலாக வந்தது.

தேர்ந்தெடுக்க உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர்: தலைமையாசிரியை, பக்கத்தில் சங்கீதம் படித்த ஒரு பெரியவர். போட்டிக்கு வந்திருந்தவர் கச்சேரி வித்வான். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக வாசித்தார். பெரியவர் கண்ணை மூடித் தலையாட்டினார். என் விண்ணப்பத்தைப் பார்த்து மட்டும், “எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்போல” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

பிறகு தலைமையாசிரியை ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, பள்ளிப் பிரார்த்தனைப் பாட்டை அவளோடு சேர்ந்து எங்களை ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னார். அவளுக்குச் சளி, குரல் கீழேயே கிடந்தது. “சுருதியை ஏத்திப் பாடு பாப்பா” என்றார் வித்வான். ஏற்றினாள். குரல் உடைந்து, கண் கலங்கி நின்றுவிட்டாள்.

என் முறை வந்தது. “உனக்கு எப்படி வருதோ அப்படியே பாடும்மா” என்றேன். முதல் வரியைக் கேட்டுக்கொண்டேன். இரண்டாம் வரியில் அவள் சுருதியைப் பிடித்து, குரலுக்கு அடியிலேயே மெதுவாக வாசித்தேன். மூன்றாம் வரியில் தலையை நிமிர்த்தி, கடைசிவரை பாடி முடித்தாள்.

“இதை எங்க கத்துக்கிட்டீங்க?” என்று தலைமையாசிரியை கேட்டார்.

சர்ச்சில் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இன்னொரு முறை மறைக்க மனசு வரவில்லை. அதுவரை பார்த்துப் பார்த்துப் பேசியதெல்லாம் மறந்துபோய், வீட்டுப் பேச்சே வந்துவிட்டது.

“சாவு வூட்டுல, மேடம். ஒப்பாரி வெச்சிக்கினு கீற பொம்பளகிட்ட சுருதிய ஏத்தும்மான்னு சொல்ல முடியுமா? அவங்க எங்க கீறாங்களோ, அங்க நாமதான் போவணும்.”

தலைமையாசிரியை விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பி, தன் பேனாவையும் நீட்டினார்.

“அதையும் எழுதுங்க, சார்.”

கொட்டை எழுத்தில் எழுதினேன். எனக்கு வேலை தந்து அவர் போட்ட கையெழுத்து அந்த வரிக்குக் கீழேதான் இருக்கிறது.