சிவப்புப் பென்சில் விழுந்த இடம்

லெமுவல் ஹேர்ஸ்டனை எங்கள் கறுப்பர் பேட்டையான ஹார்லெமில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புரொபசர் என்பார்கள். பாதி மரியாதை, மீதி நக்கல். ஐரோப்பியப் பெரியவர்கள் எழுதிய இசையை ஆறு வருஷம் முறையாகப் படித்தவர். படித்து என்ன, கறுப்பு மனிதனுக்கு எந்தக் கச்சேரி மண்டபம் மேடை கொடுத்தது? பிராட்வேயில் பாட்டுகளை அச்சிட்டு விற்கும் ஒரு கம்பெனியில் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

வேலை இதுதான். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத பாட்டுக்காரர்கள் வந்து விசிலடிப்பார்கள். புரொபசர் அந்த மெட்டைத் தாளில் எழுதி, அதற்கு அடியில் கார்ட்ஸ் போட்டுத் தருவார். மெட்டு வெறும் கோடு என்றால், கூடவே ஒலிக்கும் அந்தச் சுரக் கூட்டங்கள்தான் அதற்குச் சதை. அதையெல்லாம் அவர் எங்கிருந்து எடுத்தார்? வியன்னாவிலிருந்தும் பாரிஸிலிருந்தும், நூறு வருஷத்துக்கு முன் செத்துப்போனவர்களிடமிருந்தும்தான். நாடு முழுக்கக் காதல் பாட்டு என்று பாடியதில் பாதிக்கு அடியில் தேவாலயத்து ஆர்கன் கிடந்தது. அட்டையில் மட்டும் விசிலடித்தவர் பெயர் இருக்கும்.

'சாவியை வைத்துவிட்டுப் போ' என்று ஒரு பாட்டு 1939-ல் வந்தது. ரேடியோவைத் திருப்பினால் அதுதான். அதற்கும் கார்ட்ஸ் போட்டது புரொபசரே. ஆனால் அந்தப் பாட்டு ஒலித்தால் மனிதர் அந்த இடத்தில் நிற்க மாட்டார். ஒருநாள் சலூனில் பாதி முகம் சோப்பு நுரையோடு எழுந்து தெருவுக்கு ஓடியிருக்கிறார். சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் எங்களைப் போலச் சிரித்துவிடுவீர்கள்.

அவருக்கு ஒடெஸா என்று ஒரு தங்கை இருந்தாள். பத்து வயது இளையவள், அவர்தான் வளர்த்தார். அவளும் அதே இசைதான் படித்தாள். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நால்வர் சேர்ந்து வாசிக்க ஒரு படைப்பு எழுதினாள். அதன் மெதுவான பகுதியில் ஓரிடத்தில் நான்கு வாத்தியக் குரல்களும் இடைவெளி மாறாமல், ஒன்றாக, அரைச் சுரம் கீழே சரியும். அவர்கள் படித்த பள்ளியில் அது பெருங்குற்றம். ஒவ்வொரு குரலும் தன் வழியில் நடக்க வேண்டும், ஒட்டிக்கொண்டு நகரக் கூடாது என்பது அங்கே சட்டம். புரொபசர் சாப்பாட்டு மேஜையில் தாளைக் கண்ணால் மட்டும் பார்த்தார். சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, 'கத்துக்குட்டித் தப்பு' என்று ஓரத்தில் எழுதினார். பக்கத்து அறையில்தான் பியானோ இருந்தது. ஒருதரம் வாசித்துப் பார்க்கச் சொல்லி அவள் கெஞ்சினாள். கண்ணுக்கே தெரிகிற தப்புக்குக் காது எதற்கு என்று இவர் கேட்டார்.

படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. காதை நம்பி வாசிக்கும் எங்கள் ஆட்களாக இருந்தால் முதலில் வாசித்திருப்போம்.

ஒடெஸா தாள்களை அடுப்பில் போட்டாள். அதற்குப்பின் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, ரத்தமாக வந்தது. ஆஸ்பத்திரியில் அவர் போய் நின்றபோதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மார்ச்சில் போய்விட்டாள்.

எட்டு வருஷம் கழித்து விசில்காரர் ஒருவர் ஒரு மெட்டோடு வந்தார். பாட்டின் நடுவில் வரும் எட்டுத் தாள அடிக்கு என்ன கார்ட்ஸ் போடுவது என்று யோசித்தபோது புரொபசரின் கை தானாகத் தங்கையுடையதை எழுதியது. எரித்த தாள் அவருக்கு மனப்பாடம். ஆனால் அந்த இடம் வந்ததும் பழைய புத்தி விடவில்லை. சட்டப்படி திருத்தி எழுதினார். செத்துப்போனவளையும் விடாமல் இரண்டாம் முறை திருத்தினார்.

அதுதான் ரேடியோவில் துரத்தியது. அவள் சொன்னது சரியா, தான் சொன்னது சரியா என்ற கேள்வி அவரைத் தின்றது. பியானோவைத் திறந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். அவர் திறக்கவில்லை. அவள் சரி என்று ஆகிவிட்டால் பிறகு எப்படி உயிரோடு இருப்பது?

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் ஸெல்மா. பியானோ வாசிக்கிறேன். 1941 அக்டோபரில், திங்கட்கிழமை மத்தியானங்களில், சலூனுக்கு மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர் கூடி வாசிப்போம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மெட்டுக்குத்தான் சொந்தக்காரன், கார்ட்ஸுக்கு யாரும் சொந்தமில்லை. அதனால் பிரபலமான பாட்டின் மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அடியில் இருப்பதன்மேல் எங்கள் மெட்டைக் கட்டுவோம். 'சாவி'யையும் அப்படித்தான் உரித்து வைத்திருந்தோம். கம்பெனிக்கு மூக்கு வியர்த்து, மெட்டைத் திருடுகிறோமா என்று பார்த்து எழுதி வர ஆள் அனுப்பியது. புரொபசரைத்தான்.

ஆளுயர பாஸ் வாத்தியம் வாசிக்கும் சீஃபஸ் விடுவானா?

“வாங்க புரொபசர். நாற்காலி போடட்டுமா, இல்ல கைவிலங்கு கொண்டாந்திருக்கீங்களா?”

அவர் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். தப்பிக்க வழியில்லாத வேலை. ஓரமாக உட்கார்ந்து தாளை மடியில் விரித்தார். முகம் அப்போதே வெளுத்திருந்தது.

நாங்கள் ஆரம்பித்தோம். நடு எட்டு அடியில் ஓரிடம் எனக்கு எப்போதும் உறுத்தும். யாரோ ஏதோ சொல்ல வாயெடுத்து, பக்கத்தில் பெரியவர் இருக்கிறாரே என்று விழுங்கிக்கொண்ட மாதிரி இருக்கும். அன்று அந்த இடம் வந்தபோது நான் யோசிக்கவேயில்லை. கை முழுசாக, விரல்களின் இடைவெளி மாறாமல், அரைச் சுரம் கீழே சரிந்தது. உறுத்தல் போய்விட்டது.

நாற்காலி கீழே விழுகிற சத்தம் கேட்டது. புரொபசர் எழுந்து நின்றிருந்தார்.

“அதை யார் உனக்குக் காட்டினாங்க?”

“யாரும் காட்டலை. கை தானா அங்க போச்சு.”

“பொய் சொல்லாதம்மா. ஒடெஸாவை உனக்குத் தெரியும்.”

“எந்த ஒடெஸா? எனக்கு அந்தப் பேர்ல யாரையும் தெரியாது, புரொபசர்.”

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மறுபடியும் கேட்டார். மூன்றாவது முறை முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நான் உங்களிடம் சொன்னதையெல்லாம் சொன்னார். மேஜை, பியானோ, ஆஸ்பத்திரிச் சுவர், எல்லாம். சீஃபஸ் விழுந்து கிடந்த நாற்காலியை எடுத்து நிறுத்தினான். எனக்கோ என் கைகளைப் பார்க்கவே பயமாக இருந்தது. தொடைக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

“ஒருவேளை நான்தான் சரியோன்னு ஒரு பிடி இருந்துச்சு,” என்றார். “அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பத்து வருஷம் ஓட்டினேன். ஸெல்மா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அந்த இடத்தைப் பழையபடியே வாசிச்சுடு. அச்சுல இருக்கறபடியே.”

தகப்பன் வயசு மனிதர். சரி என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அது என் தலையெழுத்து.

“நீங்க ரெண்டு தடவை அவ வாயை மூடினீங்க. மூணாவது தடவை என்னை மூடச் சொல்றீங்களா? மாட்டேன்.”

அவர் தலையாட்டினார். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தாளில் 'மெட்டு வேறு, திருட்டில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். சொன்னது அதிகமோ என்று எனக்கு அப்போதே தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன்.

என் பியானோ ஜன்னலை ஒட்டி இருந்தது. அந்த இடம் நெருங்கியபோது எட்டிப் பார்த்தேன். நேரே கீழே நடைபாதை நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவசரமாகப் போகிறவர்கள் இடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். அவர் நகரவில்லை. என் கை அரைச் சுரம் கீழே சரிந்தது. சவ வண்டி கடக்கும்போது செய்வோமே, அப்படித் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நாங்கள் வாசித்து முடிக்கும்வரை அதைத் திரும்பப் போடவில்லை.