முனை வரைக்கும் எரிந்த டார்ச் லைட்

பழைய சைக்கிள் டியூபைக் கத்தரிக்கோலால் வார் வாராக வெட்டினால் விரல்களில் ஒரு வாசம் ஏறிக்கொள்ளும். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோகும்போது கறிக்கு முன்னால் அதுதான் மூக்கில் ஏறும். பதினோரு வயதில் மூன்று நாள் நான் அந்த வாசத்தோடுதான் சாப்பிட்டேன், அந்த வாசத்தோடுதான் தூங்கினேன். அம்மாவின் சைக்கிளுக்கு முன்விளக்கு கட்டித் தருவதாக வீட்டில் அறிவித்திருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போது நாங்கள் கிள்ளானில், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பலகை வீடுகள் நெருக்கியடித்து நின்ற குடியிருப்பில், எங்கள் வழக்கில் ஒரு "கம்பத்தில்" இருந்தோம். அம்மா பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை செய்தாள். ஃபேக்டரி வேன் காலை ஆறு மணிக்குப் பெரிய ரோட்டில் வந்து நிற்கும். எங்கள் பக்கம் உள்ளே வராது. வீட்டிலிருந்து அந்த ரோட்டுக்கு அரை மைல் மண்பாதை, பாதை நெடுகிலும் ஓர் ஆள் ஆழத்துக்குச் சாக்கடை. எல்லாரும் "லோங்காங்" என்போம். ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது. ஏழு மணிக்கு மேல்தான் வெளுக்கும் இந்த நாட்டில் ஆறு மணி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த இருட்டில்தான் அம்மா இரண்டு வருடமாகச் சைக்கிள் மிதித்துப் போய், ரோட்டோரக் காப்பிக் கடையில் சைக்கிளை விட்டுவிட்டு வேன் ஏறிக்கொண்டிருந்தாள்.

அந்த வேலை அவளுக்கு உயிர். வீட்டில் அவளை "இந்தா", "ஏய்", "அம்மா" என்றுதான் கூப்பிட்டோம். மல்லிகா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஃபேக்டரியில்தான் இருந்தார்கள். பிஸ்கட்டை அடுக்கிப் பெட்டியில் போடும் பன்னிரண்டு பெண்களுக்கு அவளை லீடராகப் போட்டிருந்தார்கள். அதற்கு அடையாளமாகக் கொடுத்த நீலத் தொப்பியை ஞாயிற்றுக்கிழமை தோறும் இஸ்திரி போடுவாள். எங்கள் பள்ளிச் சட்டைக்குக்கூட அவ்வளவு சூடு வைத்ததில்லை.

ஒரு மழைக் காலையில் லோங்காங்கின்மேல் கிடந்த சிமெண்டுப் பலகை ஒன்றை யாரோ நகர்த்திப் போட்டிருக்க, அம்மா சைக்கிளோடு உள்ளே விழுந்துவிட்டாள். கை பிசகி, நெற்றி கிழிந்து, சேறு சொட்டச் சொட்டத் திரும்பி வந்தவளைப் பார்த்து அப்பா முதலில் பயந்தார், பிறகு கோபப்பட்டார். துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். கத்திப் பேசித்தான் பழக்கம். ஆனால் அன்று மெதுவாகச் சொன்னார்.

"இன்னொரு தடவ விழுந்தீனா, வேலைக்குப் போனது போதும்."

அம்மா நெற்றிக்குப் பஞ்சு வைத்துக்கொண்டே தொப்பியைத் தேடி எடுத்து அலசிக் காயப்போட்டாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் விளக்கு கட்டுவதாகச் சொன்னேன்.

அப்பாவின் லோரியில் கிடந்த, இரண்டு பேட்டரி போடும் டார்ச் லைட்டைக் கேட்டு வாங்கினேன். சைக்கிள் கடை முதலாளியான சீனத் தவுக்கே கிழிந்த டியூப் ஒன்றைச் சும்மா கொடுத்தார். முதல் நாள் கட்டியது, மேட்டில் ஏறி இறங்கியதும் தலை கவிழ்ந்து முன்சக்கரத்தைப் பார்த்தது. இரண்டாம் நாள் கட்டியது பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தது. மூன்றாம் நாள் ஈரத் துணியை ஹேண்டிலில் சுற்றி, அதன்மேல் டார்ச்சை வைத்து, டியூப் வாரைப் பெருக்கல் குறி போல இழுத்து இழுத்துக் கட்டியபோது அது அசையாமல் நின்றது. ஒரு பெரிய இஞ்சினீயரிங் வேலையை முடித்த திமிரில் மறுநாள் விடியலுக்குக் காத்திருந்தேன்.

திமிரோடு விட்டிருக்கலாம். ஆயுத பூசைக்கு அப்பா லோரியின் விளக்குகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். புது விளக்குக்குப் பொட்டில்லாமலா? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, டார்ச்சின் கண்ணாடியில் நட்ட நடுவில் ஐம்பது காசு அளவுக்கு அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். முன்சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. பள்ளி விடுமுறை என்பதால் முதல் பயணத்துக்கு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வெளுத்ததும் நடந்து திரும்புவதாக ஏற்பாடு. அப்பா வாசலில் நின்று விளக்கைப் பார்த்துத் தலையாட்டினார்.

முனை திரும்பியதும்தான் அது தெரிந்தது. வெளிச்சத்தின் நடுவே, பாதையில், கரேலென்று ஒரு பள்ளம். அம்மா ஹேண்டிலை ஒடித்தாள். பள்ளமும் கூடவே ஒடிந்தது. இந்தப் பக்கம் திருப்பினாள். இந்தப் பக்கம் வந்தது. நான்கு முறை அந்தப் பள்ளத்துக்குத் தப்பி, ஐந்தாம் முறை லாலான் புல்லுக்குள் சாய்ந்து இருவரும் விழுந்தோம். நல்லவேளை, லோங்காங் மறுபக்கம். எழுந்து பார்த்தபோதுதான் அது பள்ளமல்ல, நான் வைத்த பொட்டின் நிழல் என்று புரிந்தது. அம்மா திட்டவில்லை. சட்டை முனையால் கண்ணாடியைத் துடைத்தாள்; ஈரச் சந்தனம் இழுபட்டுப் போய்விட்டது. எனக்கு அழுகை முட்டியது. அப்பா சொன்ன இன்னொரு தடவை இதுதானே, அதுவும் என்னால்.

துடைத்ததும் வெளிச்சம் முழுசாக விழுந்தது. அம்மா அதைக் கையால் மெல்லத் திருப்பினாள். பாதை மூன்று முழம்கூட இல்லை. ஓரம் அரித்துப்போய் வேர்கள் தொங்கின. குறுக்கே முட்டி உயரத்துக்குக் கிளம்பிய தண்ணீர்க் குழாய், அதன் ஓரமாக ஒரு சைக்கிள் மட்டும் நுழையும் சந்து. கீழே கறுப்புத் தண்ணீர். அதில் ஓர் உடும்பு தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அம்மா டார்ச்சிலிருந்து கையை எடுத்தாள். அவள் அந்த இடத்தை அந்த நேரத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அத அணைச்சிடும்மா. பாத்தா பயமா இருக்கு."

அணைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. கண்ணெதிரே என் கையே தெரியாத அந்த இருட்டில் அம்மா நேராக மிதித்தாள். காலைத் தூக்கிக்கொள், குழாய் வருகிறது என்றாள், வந்தது. குனிந்துகொள், முருங்கைக் கிளை என்றாள். என் முடியை உரசிக்கொண்டு போனது. நான் கண்ணை இறுக்கிக்கொண்டு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். சமையலறையில் உப்பு ஜாடியைத் தேடிக்கொண்டிருப்பவள் என்று நான் நினைத்திருந்த பெண்ணா இவள் என்று உடம்பு சிலிர்த்தது. பெரிய ரோட்டு விளக்கில் அவள் முகத்தைப் பார்த்தபோது வேர்க்கவே இல்லை.

தினமும் சாயங்காலம் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மெதுவாக வருவதைக் களைப்பு என்றே நினைத்திருந்தேன். மறுநாள் காலைக்காகப் பாதையை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறாள். லோங்காங்கில் விழுந்ததற்கு முந்தின நாள் ஓவர்டைம் முடிந்து வேனிலிருந்து இறங்கும்போதே இருட்டிவிட்டதாம். அதனால்தான் நகர்ந்த பலகை அவளுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் அவள் ஓவர்டைமே பார்க்கவில்லை.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவும் நானும் முடிவு செய்தோம். தினமும் வாசலில் டார்ச் எரியும், முனை திரும்பியதும் அணையும். அப்பா உள்ளே போய்க் காப்பி குடிப்பார் என்று நினைத்துக்கொள்வோம். அம்மா அதன்பின் விழவேயில்லை. அந்த ஃபேக்டரியிலேயே வேலை முடித்து ஓய்வு பெற்றாள்.

போன மாதம் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். கம்பத்து வீடுகள் இல்லை, லோங்காங்கை மூடி ரோடு போட்டிருக்கிறார்கள், பகல் போல விளக்குகள். ஃபேக்டரி இருந்த இடத்தில் கார்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அம்மா ஜன்னல் வழியே பார்த்து, எங்கே திரும்புவது என்று என்னையே கேட்டாள். எனக்கு ஏதோ போலிருந்தது. இனி மறைத்து என்ன என்று, பின் சீட்டில் இருந்த அப்பாவிடம் டார்ச் லைட் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"வழி பூரா எரிஞ்சா ரெண்டு பேட்டரி எட்டு மாசம் வருமா? லோரி ஓட்டுறவன்கிட்டயா கத விடுறீங்க?"

தினமும் முனை வரைக்கும் பின்னாலேயே நடந்து வந்து, விளக்கு அணைந்த பிறகு, சைக்கிள் சத்தம் பெரிய ரோட்டில் ஏறும்வரை இருட்டில் நின்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவாராம்.

அம்மா திரும்பி உட்கார்ந்தாள். தெரிந்திருந்தும் ஏன் வேலையை விடச் சொல்லவில்லை என்று கேட்டாள்.

அப்பா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்ப, மல்லிகா. அதுக்கப்புறம் உன் மூஞ்சிய எப்படிப் பாக்குறது?"