திருக்கை வால்

பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளை அடிக்கலாமா கூடாதா என்று பேசிப் பேசி அலுத்துப்போய், வரும் வழியில் மீன் வாங்க நின்றேன். மீன்கார அக்கா திருக்கையின் சாட்டை போன்ற வாலை வெட்டி நீட்டினாள். "பள்ளிக்கூடத்துக்கு வேணுமா டீச்சரே?"

நான் படிக்கும் காலத்தில், கடலுக்குப் போய்வந்த என் அப்பா இப்படியொரு வாலை ஓட்டின்மேல் காயவைத்து, தேங்காயெண்ணெய் தடவி, எங்கள் சாருக்குப் பிரம்பாகக் கொடுத்தார். கருவாடும் எண்ணெயும் கலந்த அந்த வாடை வகுப்பு முழுக்க நின்றது. முதல் அடி என் உள்ளங்கையில்தான் விழுந்தது. சாயங்காலம் அப்பா அதே எண்ணெயைத் தொட்டு என் கையில் தடவியபடி, "வலிக்கா மக்கா?" என்றார். சற்றுப் பொறுத்து, "வாலு நல்லா வளையுதா?" என்றும் கேட்டார்.

"வேண்டாம் அக்கா, தூரப் போட்டுருங்க" என்றேன்.

அவள் போடவில்லை. "அப்போ எனக்க மவனுக்கு ஆவும்" என்று ஓரமாக எடுத்து வைத்தாள்.