உபயதாரர் பெயர்கள்

கண்ணப்பனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எல்லப்பாக்கத்தில் பிறந்து அங்கேயே மைக் செட் வைத்துப் பிழைத்த மனுஷன். சுங்குவார்சத்திரம் வரைக்கும் கல்யாணமோ காதுகுத்தோ, 'கண்ணப்பா சவுண்ட் சர்வீஸ்' ஆட்டோதான் போய் நிற்கும். எவனாவது வந்து "சவுண்ட கொறப்பா" என்று அதட்டினால் இன்னும் ஏற்றி வைப்பார். "உன் வாய்க்கும் ஒரு திருகு வெச்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்" என்பாள் பெண்டாட்டி கோவிந்தம்மா.

பாட்டு போடுவதைவிட அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறொரு வேலை. அம்மன் கோயில் திருவிழாவில் உபயதாரர் பெயரை வாசிப்பது. ஒரு ட்யூப்லைட் வாங்கிக் கொடுத்தவனுக்கும் பெயர் மைக்கில் வந்தாக வேண்டும். வெறும் பெயர் போதாது, முன்னால் 'திருவாளர்', பின்னால் 'அவர்கள்'. கண்ணப்பன் ராகம் போட்டு இழுப்பார். "கற்பூரம் உபயம்... திருவாளர் ஏகாம்பரம் அவர்கள்!" டீக்கடை ஏகாம்பரம் அதைக் கேட்டு அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். பெயர் விட்டுப்போனால் அடிதடிக்கு வருவார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஊரைச் சுற்றி வயலெல்லாம் கம்பெனியாகிக்கொண்டிருந்தது. திருநெல்வேலி, சங்கரன்கோவில் பக்கத்துப் பையன்கள் ஒரு ரூமில் எட்டுப் பேர் என்று அடைந்து கிடந்தார்கள். அவர்களிடம் வாடகை வாங்கின ஊர் அவர்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் 'கம்பெனி பசங்க'. அவ்வளவுதான் மரியாதை.

அந்தப் பையன்களில் ஒருவன் ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாப் பின்னால் இருக்கும் தண்ணீர் டேங்க் மேல் ஏறி நின்றுவிட்டான். சாகப்போகிறேன் என்று அழுதான். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விட்ட நேரம். அரை மணியில் திருவிழாக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் கண்டக்டரும் இறங்கிப் பார்த்தார்கள். தாயாரம்மாள் பேரனைத் தோளில் தூக்கி வைத்து, "தோ பாரு, தோ பாரு" என்று காட்டினாள். ஏகாம்பரத்துக்கு டீ ஆற்றி மாளவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கின மட்டும் லாபம் என்று சும்மாவா சொன்னார்கள்? காலேஜில் படிக்கும் ஹேமந்த், புதிதாக வாங்கின கேமரா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விசிலடித்தான்.

ஏன் ஏறினான் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பொம்பளை விவகாரம் என்றான் ஒருவன், குடி என்றான் இன்னொருவன். கேட்க வேண்டியது அவனை. ஒருத்தனும் அவனைக் கேட்கவில்லை.

எஸ்.ஐ. வந்து கண்ணப்பனின் ஆட்டோவைக் கூப்பிட்டனுப்பினார். ஆட்டோ மேல் கட்டியிருந்த ஸ்பீக்கர் குழாயை டேங்க் பக்கம் திருப்பி, மைக்கை வாங்கினார். வாங்கினவர் நல்ல வார்த்தையாக நாலு சொல்லியிருக்கலாம். "டேய், மரியாதையா எறங்குடா! எறங்கினன்னா தோல உரிச்சிடுவேன்!" என்றார். உயிரை விடப்போகிறவனைக் கூப்பிடும் அழகு இது. பையன் இன்னும் ஓரத்துக்குப் போனான்.

அப்போதுதான் கூட்டத்தின் முன்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. "குதிக்கறதுன்னா சட்டுனு குதிடா! வெயில்ல எவ்ளோ நேரம்டா நிக்கறது?" சொன்னது கோயில் கமிட்டித் தலைவர் முனிரத்தினம். கம்பெனிப் பையன்களுக்கு ரூம் விட்டே மாடி மேல் மாடி எழுப்பினவர். கூட்டம் சிரித்தது. நாலைந்து பேர் கை தட்டி "குதி, குதி" என்று பிடித்துக்கொண்டார்கள்.

கண்ணப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எஸ்.ஐ. கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். ஒரே தாவில் ஆட்டோ மேல் ஏறிக் குழாயை ஊர்ப் பக்கம் திருப்பினார். பிறகு, திருவிழாவில் வாசிக்கும் அதே ராகத்தில், எழுத்துப் பிசகாமல் ஆரம்பித்தார்.

"'சட்டுனு குதிடா' என்கிற வார்த்தை உபயம்... கோயில் கமிட்டித் தலைவர் திருவாளர் முனிரத்தினம் அவர்கள்! விசில் உபயம்... திருவாளர் ஹேமந்த் அவர்கள்! சாவுக்கு டீ உபயம்... திருவாளர் ஏகாம்பரம் அவர்கள்! பச்சப் புள்ளைக்கு வேடிக்கை காட்டினது... திருமதி தாயாரம்மாள் அவர்கள்! வேற யாருப்பா குடுக்கறீங்க? பேரச் சொல்லுங்க, வாசிக்கறேன்!"

கை தட்டினவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில் பின்வரிசை நழுவ ஆரம்பித்தது. கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

கூட்டம் விலகின இடத்தில் ஒரு பையன் சட்டை கிழிந்து நின்றான். "அண்ணாச்சி, அவன் என் ரூம்காரன். இவ்வளவு நேரமா கெஞ்சுதேன், என்னய ஏணிகிட்ட விடமாட்டேங்காவ" என்று அழுதான். அவன் பெயர் வேல்ராஜ். மேலே நிற்பவன் பெயர் இசக்கிபாண்டி என்பதே அவன் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது.

கண்ணப்பன் குழாயைத் திரும்ப டேங்க் பக்கம் திருப்பினார். இந்தத் தடவை ராகமில்லை. "இசக்கிபாண்டி, தம்பி. நீ ஒன்னும் பேச வாணாம். வேல்ராஜ் மேல வரான். அவங்கூட செத்த நேரம் குந்து. எவ்ளோ நேரமானாலும் சரி. நான் இங்கதான் கீறேன்."

வேல்ராஜ் ஏறினான். இரண்டு பேரும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தாழ்ந்த பிறகு ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள்.

இறங்கினவுடன் என்ன நடந்தது தெரியுமா? குதி என்று கத்தின அதே வாய்கள், "பெத்தவங்கள நெனச்சியாடா?" என்று அறிவுரை சொல்லிக்கொண்டு அவனை அறையப் பாய்ந்தன. நாலு அறை விழுந்துவிட்டது. கண்ணப்பன் குறுக்கே விழுந்து மிச்சத்தைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டார். போலீஸ் வேறு கேஸ் எழுதியது. குதி என்றவன் மேல் இல்லை, ஏறினவன் மேல்.

வேல்ராஜ் அவனைச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். மாத்திரையும் பேச்சுமாக இசக்கிபாண்டி மெல்ல மெல்லத் தேறினான். வேறு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. ஊர்தான் அவனை விடவில்லை. பஸ் ஸ்டாப்பில் அவன் தலை தெரிந்தால் போதும், "டேய் டேங்க்கு, இன்னிக்கு ஏறலையா?" என்று எவனாவது ஆரம்பிப்பான். அவன் தலை இன்னும் குனியும்.

கண்ணப்பனையும் விடவில்லை. செய்ததற்கு ஒருத்தனும் வெட்கப்படவில்லை, பெயர் மைக்கில் வந்ததற்குத்தான் அத்தனை பேருக்கும் மானம் போய்விட்டதாம். கல்யாணத்துக்கு வெளியூர் மைக் செட் வந்தது. ஷெட்டில் குழாய்கள் தூசி படிந்து கிடந்தன. ஆடி மாசம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு முன்னால் முனிரத்தினம் ஆள் அனுப்பினார். எல்லோர் முன்னாலும் மைக்கில் மன்னிப்புக் கேட்டால் கோயில் வேலை பழையபடி கண்ணப்பனுக்கே, இல்லாவிட்டால் இந்த ஊரில் இனி அவர் குழாய் பேசாது.

"ரெண்டு வார்த்த தானய்யா? சொல்லிட்டு வா. வாயத் தொறந்து கெட்டது போதும்" என்றாள் கோவிந்தம்மா. எரியாத அடுப்பைப் பார்த்தபோது அவள் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. சரி, சொல்லித் தொலைப்போம் என்று முடிவு செய்தார். அதற்கு முன் இசக்கிபாண்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவன் ரூமுக்குப் போனார்.

விஷயத்தைக் கேட்டதும் அவன், "உங்க பொழப்பு அண்ணாச்சி, நான் வேண்டாம்னு சொல்லக்கூடாது. ஆனா நீங்க மன்னிப்புக் கேட்டுட்டியன்னா, அவங்க சொன்னது சரின்னு ஆயிரும்லா. நான் அன்னைக்கே குதிச்சிருக்கணும்னு ஆயிரும்லா" என்றான். கண்ணப்பன் எழுந்து வந்துவிட்டார்.

திருவிழா அன்று உச்சி வெயிலில் கூழ் அண்டா நிறைந்திருந்தது. சட்டியும் சொம்புமாக ஊரே வரிசையில் நின்றது. முனிரத்தினம் புது வேட்டியில் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணப்பன் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"போன தடவ நான் பேசினதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்லி கமிட்டி சொல்லிச்சு. கேக்கறேன். ஒரு தம்பிகிட்ட கேக்கறேன். அந்தத் தம்பி பேர நான் இந்த மைக்ல சொல்ல மாட்டேன், அத நீங்க போதுமான அளவுக்கு நாறடிச்சிட்டீங்க. தம்பி, நீ எங்க ஊருக்குப் பொழைக்க வந்த. உன் கஷ்டம் இன்னான்னு எவனும் கேக்கல. குதின்னு சொன்னோம். எறங்கி வந்தப்புறம் அடிச்சோம். இன்னும் ரோட்ல நிக்க வெச்சி சிரிக்கறோம். இவங்க யாரும் மன்னிப்புக் கேக்க மாட்டாங்க. இந்த ஊர்ல பொறந்த பாவத்துக்கு நான் கேக்கறேன்."

பெயர் சொல்லாவிட்டால் என்ன? கூட்டம் மொத்தமும் திரும்பி, வரிசையின் கடைசியில் வேல்ராஜோடு நின்ற இசக்கிபாண்டியைப் பார்த்தது.

"அவன இன்னாத்துக்குப் பாக்கறீங்க?" கண்ணப்பன் கத்தினார். "அன்னிக்குப் பாத்தது பத்தலியா? பக்கத்துல நிக்கறவன் மூஞ்சப் பாருங்க! குதின்னு சொன்ன மூஞ்சி அங்கதான் கீது!"

முனிரத்தினம் எழுந்து போய் ஒயரைப் பிடுங்கினார். குழாய் செத்தது. கண்ணப்பன் நிறுத்தவில்லை, தொண்டை கிழியக் கத்தினார். "பாருங்கடா! பாக்கறதுதான் உங்களுக்குப் புடிக்குமே, பாருங்கடா!"

தாயாரம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் கண்ணப்பனைத் திட்டினார்கள். இசக்கிபாண்டி வரிசையை விட்டு, அத்தனை பேர் கண்ணுக்கும் நடுவே, தலை குனியாமல் நடந்து வந்தான். ஆட்டோ பக்கத்தில் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட ஒயரை எடுத்து முழங்கையில் சுற்ற ஆரம்பித்தான்.