அஜந்தா கோத்த குன்றிமணி

ஆரையம்பதியில் அஜந்தாவுக்கு முதலில் கிடைத்த பட்டம் 'சிப்பிப் பைத்தியம்'. தையல் வேலையை விட்டுவிட்டு வாவிக்கரைச் சேற்றில் மட்டி ஓடு பொறுக்கித் திரிந்தால் ஊர் வேறென்ன சொல்லும்? மட்டி ஓட்டைத் தேய்த்துத் தோடு செய்தாள். சிரட்டையை அறுத்து வளையல் செய்தாள். முதல் வருடம் செய்ததில் பாதி உடைந்தது, மீதியைச் சொந்தக்காரர்கள் ஓசியில் வாங்கிப் போனார்கள். புருஷன் சுதாகரன் மட்டும், "நீ செய் புள்ள, கதைக்கிறவன் கதைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போவான்.

அவளைத் தூக்கி நிறுத்தியது குன்றிமணிதான். வேலியில் சும்மா படர்ந்து கிடக்கும் கொடி. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த விதை, அப்படியொரு அழகு! ஆனால் துளை போடப் போனால் வழுக்கி ஓடும், அழுத்தினால் பிளக்கும். மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாள். விரலெல்லாம் ஊசி ஏறிய புண். கடைசியில் விதையை மெழுகில் பதித்து, இரண்டு பக்கத்தாலும் மாறி மாறிக் குடைந்து, வெடிப்பில்லாமல் துளைத்தெடுத்தாள். அன்றைக்கு அவள் முற்றத்தில் நின்று போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் பாம்பு வந்துவிட்டதென்று ஓடி வந்தார்கள்.

காத்தான்குடி பர்ஸானா அதற்குப் பிறகு வந்த கூட்டாளி. புருஷனுக்குக் கட்டாரில் வேலை. வீட்டில் அவளும் உம்மாவும் மூன்று வயது மகள் சஹ்லாவும். அஜந்தாவின் மாலைகளைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டாள், கொழும்பிலிருந்தெல்லாம் ஓடர் வந்தது. பெருநாளுக்கு அஜந்தா சஹ்லாவின் கைக்கென்று ஒரு குன்றிமணி வளையல் கோத்துக் கொடுத்தாள். பிள்ளை அதைக் கழற்ற விடாமல் அழும்.

ஒரு பின்னேரம் பர்ஸானா போன் எடுத்தாள்.

"அஜந்தாக்கா, புள்ள வளையலக் கடிச்சு அறுத்திட்டாள். கொஞ்ச மணி வயித்துக்குள்ள போயிட்டு. ஓட்டோ வாசல்ல நிக்கிது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவா?"

அஜந்தா சிரித்தாள். பாவி, சிரித்தாள். அந்தப் பக்கத்தில் குன்றிமணி விழுங்காத பிள்ளை உண்டா? போன மாதிரியே வெளியே வந்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

"என்ன புள்ள, இதுக்கா பயப்பிடுறாய்? எங்கட தம்பி நிலோஜன் சின்னனில ஒரு கை நிறைய விழுங்கினவன். நாளைக்கு அப்பிடியே வெளியால வந்திடும். ஓட்டோவத் திருப்பி அனுப்பு."

பர்ஸானா திருப்பி அனுப்பிவிட்டாள். கோத்தவளே சொல்லும்போது யார்தான் அனுப்பமாட்டார்கள்?

மறுநாள் பிள்ளை வாந்தி எடுக்கத் தொடங்கியது. பிறகு வயிற்றால் போனது, இரத்தமாகவே போனது. ஆஸ்பத்திரியில் டொக்டர் மிச்ச மணிகளை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார்.

"முழு விதையெண்டா தோல் கரையாது, அப்பிடியே போயிருக்கும். இதில துளை இருக்கு. நஞ்சு அதுக்குள்ளால இறங்கிட்டுது. இதுக்கு மாற்று மருந்து இல்லம்மா. நேற்றே கொண்டுவந்திருந்தா ஏதாவது செய்து பார்த்திருக்கலாம்."

பர்ஸானாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்த அஜந்தாவும் அதைக் கேட்டாள். ஐயோ, ஊர் அறிந்ததெல்லாம் முழு விதையைத்தானே! துளை போடுகிறவள் அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதானே! யோசித்திருக்க வேண்டியவளும் அவள் ஒருத்திதான். கண்ணகை அம்மனுக்கு நேர்ந்தாள். என் கையை எடுத்துக்கொள், கண்ணை எடுத்துக்கொள் என்று கெஞ்சினாள். அம்மன் இரங்கவில்லை. அந்தக் கிழமைக்குள்ளேயே சஹ்லாவின் மூச்சு நின்றது.

வீட்டிலிருந்த மணி, மாலை எல்லாவற்றையும் கிடங்கு வெட்டிப் புதைத்தாள். வாங்கியவர்களுக்கெல்லாம் போன் எடுத்து, பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், தூர எறியுங்கள் என்று கெஞ்சினாள். களுவாஞ்சிக்குடிக்காரி ஒருத்தி சிரித்தாள். "அது விழுங்கினாலும் வெளியால வந்திடும் அக்கா" என்றாள். அஜந்தாவுக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடக்கம் முடிந்த பிறகுதான் காத்தான்குடிக்குப் போக அவளுக்குத் துணிவு வந்தது. சுதாகரன் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றாள். பர்ஸானா அடிக்கட்டும், முகத்தில் காறித் துப்பட்டும், வாசலிலேயே வைத்துத் துரத்தட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனாள்.

பர்ஸானாவின் தாய் ஆமினா உம்மா கதவைத் திறந்துவிட்டார். பர்ஸானா பாயில் இருந்தாள். ஏசவில்லை. கொஞ்சம் தள்ளி, அஜந்தாவுக்கு இருக்க இடம் விட்டாள்.

"அண்டைக்கு ராவு புள்ள ரெண்டு தரம் என்னை எழுப்பினாள் அக்கா. வயிறு நோகுதும்மா எண்டாள். நீங்க ஒண்டுமில்ல எண்டு சொன்னீங்கதானே, பேசாமப் படு எண்டு அதட்டிப்போட்டு நான் நித்திரையாயிட்டன்."